நிமிர்ந்த தலை, நிலைத்த கால்



நீங்கள் சென்னையிலோ, பெங்களூரிலோ, மும்பையிலோ வேலை முடிந்து, மாலை ஏழு மணிக்கு மின்ரயிலில் ஓர் ஓரமாக நின்றுகொண்டு ஊருக்குத் தொலைபேசியில் பேச விரும்புகிறீர்கள். ஊர் என்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூர். அங்கே மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. உங்கள் தாயார் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு, முற்றத்திலிருந்து வெட்டுக்கல் படிகளில் ஏறி வீட்டுக்குள் வருகிறார். படியில் பாசி படர்ந்திருக்கிறது. அந்நேரத்தில் கைப்பேசி ஒலிக்கிறது. மகனுடைய அழைப்பு தவறிவிடக் கூடாது என்ற தவிப்பில் அதை எடுத்து, தலையைச் சாய்த்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுத்த படியில் கால் வைக்கிறார். நீங்கள் கேட்கிறீர்கள்: "அம்மா, வங்கிக் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது?" அவர் யோசிக்கிறார்.

அந்த ஒரு கணத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கை நிறையத் துணி, சாய்ந்த தலை, வழுக்கும் படி, மனத்தில் ஒரு கணக்கு. இவை நான்கும் ஒன்றுசேரும்போது உடலின் சமநிலைக்கு என்ன நேரிடுகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. அழைத்தவர் நீங்கள். ஆகையால் அந்தக் கணத்தைப் பாதுகாப்பானதாக மாற்றும் வாய்ப்பும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

முதியோர் நிறைந்த ஊர்கள்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் நின்றால் ஒரு கால் தமிழ்நாட்டிலும் மறுகால் கேரளத்திலும் இருப்பதுபோல் தோன்றும். ஒரே குடும்பத்தின் உறவினர் எல்லைக்கு இருபுறமும் வாழ்கின்றனர். பிள்ளைகளோ பிழைப்பைத் தேடி நகரங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். வீட்டைக் காத்துக்கொண்டு இருப்பவர்கள் பெற்றோரே.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் 8.6 விழுக்காடு. நம் எல்லைக் கிராமங்களில் முதியோர் மிகுதி என்பதை இக்கணக்கே காட்டுகிறது. முதியவர்களுக்குப் பெரும் ஆபத்து கீழே விழுதல். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே.

சுமைதாங்கிக் கல் சொல்லும் பாடம்

பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அதனைச் சுமடுதாங்கி என்பர். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு சந்தைக்குச் செல்கிறவர், பிறர் உதவி இல்லாமலேயே அதன்மேல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். மரச்சீனியும் வாழைக்குலையும் தேங்காயும் மீனும் தலைமேல் ஏறித்தான் சந்தைக்குச் சென்றன.

தலையில் சும்மாடு வைத்துக் கூடையைச் சுமக்கும் பெண் எப்படி நடந்தாள் என்பதை நினைத்துப் பாருங்கள். இடுப்பு அசையும், கைகள் வீசும், தலை மட்டும் அசையாது. கண்கள் நேரே பார்க்கும். கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் உடல் முழுவதையும் திருப்புவாள். 1986இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கென்யாவின் லுவோ, கிகுயூ இனப் பெண்கள், தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையுள்ள சுமையைக் கூடுதல் ஆற்றல் செலவின்றியே சுமந்து நடந்தனர் என்று அது கண்டறிந்தது. சிறு வயதிலிருந்தே பழகிய நடையின் பயன் அது.

இதனால் தலைச்சுமை நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தலையில் பாரம் சுமப்பவர்களின் கழுத்தெலும்புகள் தேய்கின்றன. சுமைத் தொழிலாளரின் நலனுக்கென்றே கேரளம் 1978இல் தனிச் சட்டம் இயற்றியது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. நடக்கும்போது தலை நிலையாக இருந்தால் உடல் தன் வழியைத் தவறவிடாது. தலை நிலைகுலைந்தால் கால்களுக்கும் தடுமாற்றம் வருகிறது. ஏன் அப்படி?

காதுக்குள் ஒரு ரசமட்டம்

வீடு கட்டும் கொத்தனார் சுவரின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். அதற்குள்ளிருக்கும் குமிழி நடுவே நின்றால் மட்டம் சரி. நம் ஒவ்வொருவருடைய உட்செவியிலும் அத்தகைய கருவி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர்மம் பின்தங்கி நகர்ந்து, எந்தத் திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்பினோம் என்று மூளைக்கு அறிவிக்கிறது. அவற்றின் அருகே இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பசைப்படலத்தின்மேல் பதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் துகள்கள் தம் எடையால் சற்று நகர்கின்றன. கீழ் எது, மேல் எது என்பதை மூளை இவ்வாறு அறிகிறது. இந்த உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே ராபர்ட் பாரனி என்னும் மருத்துவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் வேலையை நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்து இடமும் வலமும் விரைவாக ஆட்டிக்கொண்டே வாசியுங்கள். எழுத்துகள் கலங்கும். இனி பக்கத்தை அசைக்காமல், அதே வேகத்தில் உங்கள் தலையை இடமும் வலமும் ஆட்டி வாசியுங்கள். எழுத்துகள் தெளிவாகவே தெரியும். தலை திரும்பும் திசைக்கு எதிராகக் கண்களைத் திருப்பும்படி உட்செவி இமைப்பொழுதுக்குள் கட்டளையிடுகிறது. நீங்கள் அதை அறிவதே இல்லை.

ஆனால் காது மட்டும் சாட்சி சொன்னால் போதாது. தலை சாய்ந்ததா, அல்லது உடலே சாய்ந்துவிட்டதா என்பதைக் காதால் பிரித்தறிய முடியாது. அதற்குக் கழுத்துத் தசைகளின் சாட்சி வேண்டும். மண்டை ஓட்டின் அடியில் பிடரியை ஒட்டியுள்ள சிறு தசைகளில், தசையின் நீளத்தை உணரும் நுண்ணுறுப்புகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. இவற்றோடு கண்கள் ஒரு சாட்சி, பாதங்களும் மூட்டுகளும் மற்றொரு சாட்சி. இவையனைத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே மூளை தீர்ப்பு வழங்குகிறது. சாட்சிகள் ஒத்துப்போனால் நாம் நிலையாக நிற்கிறோம். முரண்பட்டால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வருகின்றன.

குனிந்த தலையும் அண்ணாந்த தலையும்

வளர்ந்த மனிதனின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ளது. அது முதுகெலும்பின்மேல் நேராக அமர்ந்திருக்கும்போது கழுத்துக்குப் பெரிய பாரமில்லை. குனியக் குனியப் பிடரித் தசைகள் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. 2014இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு இதைக் கணக்கிட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் விழும் அழுத்தம் சுமார் 12 கிலோ, 30 டிகிரியில் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. இது மாதிரிக் கணக்கு. மனிதரின் கழுத்தில் நேரடியாக அளந்ததல்ல. எனினும் கைப்பேசியைப் பார்த்துக் குனிந்திருக்கும் கழுத்து ஏன் வலிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும்.

குனிதலைவிடச் சமநிலைக்குக் கடினமானது அண்ணாந்து பார்த்தல். தலையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது உட்செவியின் துகள்படலங்கள், தாம் நன்கு வேலை செய்யும் நிலையிலிருந்து விலகிவிடுகின்றன. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்டும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, தலையை அண்ணாந்து நிற்பவரின் உடல் அதிகமாக ஊசலாடுவதைக் காட்டியது. அதே ஆய்வில் மற்றொரு நற்செய்தியும் இருந்தது: பயிற்சி அளித்தால் அந்தத் தள்ளாட்டம் குறைகிறது. அதாவது சமநிலை பிறவியிலேயே முடிந்துபோன கணக்கு அல்ல. அதைக் கற்கவும் வளர்க்கவும் முடியும்.

நம் ஊரில் இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், தாழ்ந்த பட்டையில் வெட்டும்போது குனிகிறார், உயர்ந்த பட்டையில் வெட்டும்போது அண்ணாந்து பார்க்கிறார். பனையேறுகிறவர் தலையைத் தூக்கிக்கொண்டே மேலேறுகிறார். அவர்கள் தடுமாறாமலிருப்பது பல ஆண்டுப் பயிற்சியால். அந்தப் பயிற்சி இல்லாத நாம், பரணிலுள்ள பெட்டியை எடுக்க நாற்காலியின்மேல் ஏறி அண்ணாந்து பார்க்கும்போதே விழுகிறோம்.

மூளைக்கு ஒரே பணப்பை

சமநிலை தானாகவே நடைபெறுவது என்று நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மையல்ல. நிற்பதற்கும் நடப்பதற்கும் மூளை கவனத்தைச் செலவிடுகிறது. யோசிப்பதற்கும் அதே கவனமே தேவை. கவனம் என்பது ஒரே பணப்பை. இரண்டு செலவுகளும் அதிலிருந்தே செல்ல வேண்டும். இளைஞரின் பையில் மிச்சம் இருக்கிறது. உண்மையில், எளிதான ஒரு வேலையை மனத்துக்குக் கொடுத்தால் இளைஞர்கள் முன்னிலும் அசையாமல் நிற்பதும் உண்டு. வேலை கடினமாகும்போதும் வயது ஏறும்போதும் பை காலியாகிறது.

1997இல் சுவீடனைச் சேர்ந்த லுண்டின் ஓல்சன் குழுவினர் 'லான்செட்' இதழில் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டனர். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 58 பேருடன் ஒருவர் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். அவர்களில் 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினர். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தனர். பேசவும் நடக்கவும் ஒரே நேரத்தில் இயலாத அளவுக்கு அவர்களுடைய நடையே கவனத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

இதைப் படித்தவுடன் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நின்று பதில் சொன்னதால் அவர்கள் விழவில்லை. நிற்பது அவர்களுடைய மூளை தேடிக்கொண்ட பாதுகாப்பு. வழியில் நின்று பேசும் தாயாரை, "ஏன் நிற்கிறீர்கள், நடந்துகொண்டே பேசுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் நிற்பதே ஞானம். ஆனால் அவருடைய நடைக்குக் கவனிப்பு தேவை என்பதற்கு அதுவே அடையாளம்.

தலையின் நிலை இங்கேதான் கணக்கில் சேர்கிறது. தலை கோணலாக இருந்தால் சாட்சிகளை ஒப்பிடும் வேலை மூளைக்குக் கடினமாகிறது. அந்தச் செலவு கூடும்போது யோசனைக்கு மிச்சம் குறைகிறது. யோசனை விடாப்பிடியாக நின்றால் காலுக்கு மிச்சம் குறைகிறது. 2014இல் ஆஸ்திரேலியாவில் 26 பேரைக் கைப்பேசியில் செய்தி தட்டச்சு செய்துகொண்டே நடக்கவிட்டுப் பார்த்தனர். அவர்கள் மெதுவாக நடந்தனர். நேர்கோட்டிலிருந்து விலகினர். தலையைத் தனியே அசையவிடாமல், உடலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தனர். கண்களைத் திரையில் நிறுத்துவதற்காக உடலின் இயல்பான நெகிழ்வை விட்டுக்கொடுத்தனர். இவர்கள் உடல்நலமுள்ளவர்கள். முழங்கால் தேய்ந்த அறுபத்தெட்டு வயதுக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மூளைக்குள் நிகழ்வது என்ன?

நடக்கும்போது மூளையைப் படம்பிடிப்பது எளிதன்று. எனினும் நெற்றியில் ஒளியைப் பாய்ச்சி, முன்மூளையில் பிராணவாயுவேறிய குருதியின் அளவைக் கணக்கிடும் முறை ஒன்றுண்டு. நியூயார்க்கில் ரோயி ஹோல்ட்சர் குழுவினர் 2011இல் இம்முறையைப் பயன்படுத்தினர். வெறுமனே நடப்பதைவிட, பேசிக்கொண்டே நடக்கும்போது முன்மூளையின் செயல்பாடு உயர்ந்தது. முதியோரிடத்தில் அந்த உயர்வு இளைஞரிடம் கண்ட அளவுக்கு இல்லை. தேவை எழும்போது எடுத்துச் செலவிட இருப்பு குறைவு என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. முறையை ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924இல் முதன்முதலாக மனிதரிடம் செய்து, 1929இல் வெளியிட்டார். கண்மூடி ஓய்ந்திருக்கும்போது பிடரிப்பக்கத்தில் எழும் ஆல்ஃபா அலைகள், கண்திறந்தவுடனும் மனக்கணக்குப் போடும்போதும் தணிகின்றன. படுத்திருப்பவரின் அலைகளும் நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் அலைகளும் வேறுபடுகின்றன. இதைக் கேட்டதும், "நிமிர்ந்து உட்கார்ந்தால் அறிவு பெருகும், குனிந்தால் மூளை மங்கும்" என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம். உடலின் நிலை மாறும்போது மண்டை ஓட்டுக்குள் மூளையைச் சூழ்ந்துள்ள நீர்மப் படலத்தின் தடிமனும் சற்று மாறுகிறது. அது மட்டுமே அலைகளின் உயரத்தை மாற்றிக் காட்டப் போதுமானது. கழுத்துத் தசைகளின் மின்துடிப்பும் பதிவில் கலந்துவிடும். எனவே அலை மாறியது என்பதாலேயே அறிவு மாறியது என்று சொல்லிவிட முடியாது.

குனிந்து படித்தால் மூளைக்கு இரத்தம் செல்லாது என்பதும் வெறும் அச்சமே. நலமுள்ள உடலில் மூளை தனக்கு வேண்டிய குருதியோட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்கிறது. கழுத்து வலியும் களைப்புமே கவனத்தைக் கலைக்கின்றன. பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளரைப் பாருங்கள். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் அங்கே குடியமர்த்தப்பட்ட நெசவுக் குடும்பங்களின் தொழில் இன்றும் வாழ்கிறது. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, தலை குனிந்து, இழை இழையாக எண்ணிக் கரை வைக்கிறார்கள். குனிந்த தலை அவர்களுடைய நுண்ணறிவைக் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சமநிலைக்காக அவர்களுடைய மூளை பெரிதாக ஒன்றும் செலவிடுவதில்லை. முழுக் கவனமும் நூலின்மேல் இருக்கிறது. கடினமாக யோசிக்க வேண்டுமா? அமர்ந்து யோசியுங்கள். நடக்க வேண்டுமா? நடப்பதை மட்டும் செய்யுங்கள். தறி நமக்குக் கற்பிப்பது இதுவே.

ஆராதனையில் நிற்கும் முதியோர்

நம் குடும்பங்களுக்கு இது நெருக்கமான காரியம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆராதனை வேளையில் கண்களை மூடி, கைகளை உயர்த்தி, முகத்தை மேல்நோக்கி ஏறெடுத்து நெடுநேரம் நிற்பது நம்மிடையே வழக்கம். உடலின் சமநிலையைப் பொறுத்தவரை இது மிகக் கடினமான நிலை. கண்களின் சாட்சி இல்லை. அண்ணாந்த தலையால் காதின் சாட்சி தெளிவிழக்கிறது. நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருந்தால் மூன்றாவது சாட்சியும் மங்கிவிடுகிறது. முதியோர் பாதங்களைச் சற்று அகற்றி வைத்து, முன்னாலுள்ள நாற்காலியின் முதுகை ஒரு கையால் பற்றிக்கொள்ளட்டும். தேவையானால் அமர்ந்தே ஆராதிக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெடுநேரம் முழங்காலில் தலை தாழ்த்தியிருந்துவிட்டு விரைந்து எழும்போது கண் இருட்டுவது உண்டு. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அலகுகளுக்கு மேல் இறங்குவதை மருத்துவர்கள் ஒரு குறைபாடாகவே கருதுகின்றனர். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோரிடம் இது அதிகம். முதலில் தலையை உயர்த்துங்கள், பின் ஒரு காலை ஊன்றுங்கள், பிடிமானத்தோடு எழுந்து, பத்து வரை எண்ணிய பிறகே நடங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

இந்த மாதம் ஊருக்குச் செல்லும்போது, அல்லது இன்றிரவு தொலைபேசியிலேயே, பின்வருவனவற்றைப் பெற்றோரோடு பேசுங்கள்.

ஒன்று, அழைப்பு வந்தால் ஓட வேண்டாம். "நீங்கள் எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து நானே மறுபடியும் அழைப்பேன்" என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கை மீறாதீர்கள். அழைப்பு தவறிவிடும் என்ற பயமே அவர்களைப் படியில் ஓடவைக்கிறது.

இரண்டு, பேச்சைத் தொடங்குமுன், "அமர்ந்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். நலமா என்று கேட்பதற்கு முன்னரே இதைக் கேளுங்கள். கணக்கும் எண்களும் அதன்பிறகே.

மூன்று, படிகளின் பாசியைச் சுரண்டி எடுத்து, கைப்பிடி ஒன்றை அமையுங்கள். ஜூனிலும் மறுபடி ஐப்பசியிலும் மழை தொடங்குமுன் இதைச் செய்வது நலம். அன்றாடம் புழங்கும் பாத்திரங்களையும் மருந்துகளையும் கண்ணுக்கு நேரான உயரத்தில் வையுங்கள். அண்ணாந்து எடுக்க வேண்டிய தேவையே நேரக் கூடாது.

நான்கு, தூரமும் அருகும் பார்க்கும் இரட்டைக் கண்ணாடி அணிபவருக்குக் கீழ்ப்பகுதியின் வழியே படி மங்கலாகத் தெரியும். வெளியில் நடக்கத் தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐந்து, பயிற்சி. 108 ஆய்வுகளையும் 23,407 முதியோரையும் உள்ளடக்கி 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி விழுதலை 23 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. செலவில்லாத பயிற்சிகளே போதும். உறுதியான நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமர்தல் பத்து முறை. சுவரையோ மேசையையோ பற்றிக்கொண்டு ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நிற்றல். அந்நிலையில் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புதல். அருகில் ஒருவர் இருக்கட்டும். ஏற்கெனவே விழுந்தவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்ட பின்னரே தொடங்கட்டும்.

தலைசுற்றல் என்று அலட்சியம் வேண்டாம்

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சில நொடிகள் மட்டும் உலகமே சுழல்வதுபோல் தோன்றினால், உட்செவியின் சுண்ணாம்புத் துகள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்திருக்கலாம். இதனைக் கண்டறியும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்தனர். தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி, துகளை அதன் இடத்துக்கே திருப்பியனுப்பும் முறையை ஜான் எப்லி 1992இல் வெளியிட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய சிகிச்சை இது. இதை அறியாமல் மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குவோர் பலர்.

ஆனால் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, திடீரென நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதைப் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் நகரத்திலிருந்து வந்து சேர ஓர் இரவு ஆகும். அவர்கள் சுவருக்கு அப்பால் இருக்கிறார்கள்.

நீங்களும் நிமிருங்கள்

இதெல்லாம் பெற்றோருக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். இதை வாசிக்கும் உங்கள் தலை இப்போது எங்கே இருக்கிறது? பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பதும், சாலையைக் கடக்கும்போது செய்தி அனுப்புவதும் அதே பணப்பையிலிருந்துதான் செலவாகின்றன. வயது இன்று தாங்குகிறது. எந்நாளும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கழுத்தைத் தளர்த்துங்கள். நடக்கும்போது கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சும்மாடு சுமந்த பாட்டியைப்போல் நேரே பார்த்து நடங்கள்.

அந்தப் பாட்டி வழியில் உறவினரைக் கண்டால் என்ன செய்தாள் தெரியுமா? சுமையோடு நின்று கதை பேசவில்லை. சுமைதாங்கிக் கல்வரை நடந்தாள், சுமையை இறக்கி வைத்தாள், நெற்றி வியர்வையைத் துடைத்தாள், அதற்குப் பிறகே பேசினாள். இன்று அந்தக் கற்களில் பலவும் சாலை அகலப்படுத்தலில் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் ஒரு நாற்காலி போதும். வீட்டின் திண்ணையில், கைப்பேசி வைக்கும் இடத்துக்கு அருகே, கைப்பிடியுள்ள ஒரு நாற்காலியை இந்த விடுமுறையில் வாங்கிப் போடுங்கள்.

பிறகு அழையுங்கள். தாயார் அமரட்டும். நிமிரட்டும். அதன்பின் வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்கலாம்.